அரிசி ஊறும் கம்பெனிக்குப் போகிற மகளுக்கு

அன்பு மகளே, ஆருயிர்ச் செல்வமே, கயல்விழி,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ எட்டாவது படிக்கிறபோது ஒருநாள் காலையில் பழைய சோற்றுப் பானைக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, "இது ஏன் சித்தப்பா புளிக்குது?" என்று கேட்டாய். நான் உடனே உன் அம்மாவைக் கூப்பிட்டு, "அண்ணி, குறிச்சு வச்சுக்குங்க, இந்தப் புளிச்ச தண்ணி நம்ம பாப்பாவக் கப்பல் ஏத்தப் போவுது" என்றேன். விமானம் என்று சொல்லாமல் கப்பல் என்று சொன்னது ஒன்றுதான் பிசகு. மற்றபடி எல்லாம் அப்படியே நடந்துவிட்டது. ஆட்சி மாறும் என்று சொன்னேன், மாறியது. மறுபடியும் மாறும் என்றேன், மறுபடியும் மாறியது. மிராசுதாரின் நெல் மில்லில் ஒருநாள் நம் வீட்டு ஆட்கள் நாற்காலி போட்டு உட்காருவார்கள் என்றேன். இன்று அது கல்யாண மண்டபம், போன வைகாசியில் நாம் இருவரும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டோம். நீ நுண்ணுயிர்ப் படிப்பு படித்ததும், ஜப்பானில் அரிசியை ஊறவைத்துப் பெரிய ஆளான ஒரு கம்பெனி உன்னை வேலைக்குக் கூப்பிட்டதும் ஊருக்குத்தான் புதுச் செய்தி. எனக்கு இல்லை.

ஆனால் இந்தக் கடிதத்தை நான் சும்மா எழுதவில்லை, உத்தரவின் பேரில் எழுதுகிறேன். உன் அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து, நாளைய கல்யாணத்துக்குப் போக வேண்டிய மைக் செட் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருக்கிறார். "தம்பி, நீயே எழுது. எழுத எழுதப் படிச்சுக் காட்டு. அந்த ஒரு விஷயம் அதுல வந்துடுச்சுன்னா எம்பொண்ணு ஜப்பானுக்குப் போகட்டும், நான் தடுக்கல. வரலேன்னா என் பதில் பழைய பதில்தான்" என்று சொல்லிவிட்டார். அம்மா சரி என்று சொல்லாமல் போக மாட்டேன் என்று நீயும் பிடிவாதமாக இருக்கிறாய். இந்த மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் போக வேண்டும். ஆக, ஜப்பானுக்கும் நம் தெருவுக்கும் நடுவில் இப்போது இருப்பது என் பேனா ஒன்றுதான். அந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கூட்டத்திலும் முக்கியப் பேச்சாளர் கடைசியில்தான் பேசுவார், அதுவரை பொறு.

பொங்கலுக்கு நீ வந்தபோது கொண்டுவந்த அந்த வழவழப்பான புத்தகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ ஒவ்வொரு படமாகக் காட்டி விளக்கினாய். நான் தலையாட்டினேன். உன் அம்மா மட்டும் முதல் படத்திலேயே நின்றுவிட்டார். பெரிய பெரிய மரத்தொட்டிகள், மேலே ஏணி வைத்து ஒருவன் துடுப்பு போட்டுக் கிளறுகிறான்.

"இதுல என்ன காய்ச்சுறான்?"

"அரிசி மதும்மா. ஆனா நான் போறது அந்தப் பக்கம் இல்ல. மருந்துப் பிரிவு."

"கம்பெனி ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். அதுலேர்ந்து கிளை கிளையாப் பிரிஞ்சு…"

"கிளை எங்க பூத்தா என்ன, வேர் சாராய அடுப்புலதானே இருக்கு. வேணாம்."

அப்போதுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். "எங்கப்பா கொடி பிடிச்சு ஜெயிலுக்குப் போனவரு. அவரு இருந்திருந்தா இந்நேரம் என்னை ஏத்தி விட்டிருப்பாரு. உனக்குத்தாம்மா எல்லாத்துக்கும் பயம்." உன் அம்மா எழுந்து உள்ளே போய், கழுவி கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் எடுத்துப் போட்டுக் கழுவினார். நீ கோபத்தில் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கம்பெனிக்கு வருகிறேன். அதன் கதையை உன்னைவிட எனக்கு நன்றாகச் சொல்ல வரும், ஏனென்றால் நான் நெல் அவித்தவன். ஏழு தலைமுறைக்கு முன்னால் அங்கே ஒரு ஆள், ஒரு கிணறு, ஒரு தொட்டி. அரிசியைத் தீட்டி, ஆவியில் வேகவைத்து, கதகதப்பான அறையில் பரப்பி, மேலே ஒரு பூஞ்சணத்தைத் தூவிவிட்டுக் காவல் இருப்பான். நம் ஊரில் சோற்றில் பூஞ்சணம் பிடித்தால் மாட்டுக்கு ஊற்றுவோம். அவன் அதற்குத் தனி அறை கட்டி, உள்ளே போகிறபோது காலைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறான். மது வடித்த பிறகு அடியில் தங்குகிற கசடு இருக்கிறதே, முதல் தலைமுறை அதைக் கொட்டியிருக்கிறது. இரண்டாம் தலைமுறையில் வந்த ஒரு மருமகள் அதில் கத்தரிக்காயைப் புதைத்து ஊறுகாய் போட்டாள். (மருமகள் என்று புத்தகத்தில் இல்லை. ஆனால் வேறு யாருக்கு அந்தப் புத்தி வந்திருக்கும்?) அடுத்தவன் அதிலிருந்து காடி எடுத்தான். அதற்கடுத்தவன், அரிசியில் வேலை செய்கிற பூஞ்சணம் சோயாவில் செய்யாதா என்று போட்டுப் பார்த்தான், குழம்பில் ஊற்றுகிற கறுப்புச் சாறு வந்தது. பூஞ்சணம் சோற்றைக் கரைக்கிறது என்றால் வயிற்றில் தங்கிய சோற்றையும் கரைக்கும் என்று ஒருவன் யோசித்தான், சீரண மாத்திரை வந்தது. அதே சரக்கு துணியில் ஒட்டின கஞ்சியையும் கரைத்தது, சலவைத் தூளுக்குப் போனது. சண்டைக் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து மதுத் தொட்டி காலியாகக் கிடந்தபோது, வேலையாட்களை அனுப்பாமல் ரொட்டிக்கு ஈஸ்ட் போட்டுப் பிழைத்தார்கள். அப்புறம் மருந்து, அப்புறம் உரம், இப்போது ஓட்டல் வரைக்கும் வந்துவிட்டார்கள். நான் கவனித்தது ஒன்றுதான். ஒரு தொழிலில் மிச்சமாகி வீணாகப் போவது எதுவோ அதிலிருந்தே அடுத்த தொழிலைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு கையில் பழைய தொட்டியை விடாமல் வைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டியிருக்கிறார்கள்.

நம் மிராசுதாரும் தொழிலைப் பெருக்கினவர்தான். நெல் மில் வைத்தார், தவிட்டிலிருந்து எண்ணெய் எடுத்தார், கும்பகோணத்துக்கு ஒரு பஸ் விட்டார், ஓலைக் கொட்டகையில் சினிமா ஓட்டினார். குறை சொல்ல முடியாது, கெட்டிக்காரர். ஆனால் தொட்டியில் நின்று நெல் அவித்த எங்களைத் தவிடு உமிக்குச் சமமாகக்கூட எண்ணவில்லை. உமியையாவது அடுப்பில் போட்டு உபயோகித்தார். கூலி நெல் அரைப்படி கூட்டிக் கேட்டதற்கு வெளியூரிலிருந்து அறுவடைக்கு ஆள் இறக்கினார். அங்கே ஆரம்பித்ததுதான் அத்தனை சண்டையும். பிறகு நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலத்தைப் பிரித்துச் சமையல்காரன் பேரில், வண்டிக்காரன் பேரில் எழுதினாரே, அதில் ஆறு ஏக்கர் என் பேரில் இருந்தது, தெரியுமா? பதினோரு வருஷம் நான் மிராசுதாராக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்! தாலுகா ஆபீசில் பட்டாவைப் பார்த்த குமாஸ்தா எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். அந்த ஒரு மரியாதையை நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அனுபவித்தேன். இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, "அவரு 'வாய்யா, ஓரமா நில்லு'ன்னாரு. நானும்தானே கூட வந்தேன்" என்கிறார். இருக்கட்டும். ஆறு ஏக்கர் நிஜம்.

என் தொழில் வளர்ச்சியையும் நீ மறந்துவிடாதே. ஜப்பான்காரனுக்கு ஏழு தலைமுறை ஆனதை நான் ஒரே தலைமுறையில் செய்து பார்த்தேன். மில்லில் நெல் அவித்தேன். உமிச் சாம்பல் வீணாகப் போகிறதே என்று அதில் கிராம்பு இடித்துப் போட்டுப் பல்பொடி செய்தேன். நம் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு ஈறு புண்ணாகி, ஒரு வாரம் எல்லோரும் கஞ்சி குடித்தார்கள். பிறகு வாத்து வாங்கி அறுத்த வயலில் மேய்த்தேன். வாத்துகள் என்னைவிடப் புத்திசாலிகள், பக்கத்து ஊர் வாத்துக்கூட்டத்தோடு சேர்ந்து போய்விட்டன. கடைசியில் நின்றது மைக் செட். அரசியல் என்று ஒன்று இருக்கும்வரை இந்தக் காவிரிப் பாசனத்தில் ஒலிபெருக்கிக்கு வேலை இருக்கும் என்று கணித்தேன், பொய்க்கவில்லை. கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர்களுக்கும் கட்டினேன், அவர்களை விட்டுப் பிரிந்தவர்களுக்கும் கட்டினேன், செங்கொடிக்கும் கட்டினேன், அந்தச் செங்கொடியை எதிர்த்து மிராசுதார் போட்ட கூட்டத்துக்கும் நானேதான் கட்டினேன். ஐந்தாவது வரை படித்தவன் இவ்வளவு தமிழ் எழுதுகிறேனே, எல்லாம் மைக்கின் பக்கத்தில் நின்று கேட்ட படிப்பு. அந்த மைக்தான் உன்னைப் படிக்க வைத்தது. பள்ளிக்கூடத்தில் தகப்பனார் என்று போட்ட கோட்டில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். உன் பெயரை வைத்ததும் நானே.

"பேரு வச்சது அவரு" என்கிறார் உன் அம்மா. "ஜெயிலுலேர்ந்து வந்த அன்னிக்கு, வாசல்லயே நின்னு."

சரி, அண்ணன்தான் வைத்தார். நான் அதை மைக்கில் அறிவித்தேன்.

மகளே, அங்கே போனால் மூன்று காரியம் செய். முதலாவது, சாப்பிடு. அவர்களும் அரிசிக்காரர்கள், பயப்படாதே. இரண்டாவது, வேலையில் உனக்கு மேலே இருக்கிறவன் ஒன்றைத் தூக்கிப் போடச் சொன்னால், போடுவதற்கு முன்னால் ஒரு தரம் மோந்து பார். நீ வளர்ந்ததே அப்படித்தான். மூன்றாவது…

"தம்பி, அந்த விஷயம் இன்னும் வரல."

"வருது அண்ணி. புத்திமதி சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"புத்திமதிய அவ ஜப்பானுக்குப் போய்க் கேட்டுக்குவா. ஒயரு சுத்தி முடிச்சாச்சு. நீ இன்னும் மைக்கு டெஸ்ட்டுதான் பண்ணிக்கிட்டு இருக்கே."

சரி. எழுதுகிறேன்.

உன் அம்மா வயிற்றில் நீ ஏழு மாதம். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. மில்லில் போலீஸ் முகாம். தினம் ஒரு வேன் வந்து, தெருவில் கொடி வைத்திருக்கிற ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். எனக்கு அப்போது இருபது வயது. கூலி கிடையாது, அடுப்பில் உலை கிடையாது. அந்தப் பசிக்காகத்தான் செய்தேன் என்று இங்கே எழுதலாம். எழுதியும் பார்த்தேன். உன் அம்மா ஒயரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதனால் அந்த வரியை அடித்துவிட்டேன். எனக்கு ஒரு சைக்கிள் மேல் ஆசை, அவ்வளவுதான். மணியும் டைனமோவும் வைத்த சைக்கிள். மதுவிலக்குக் காலத்தில் சாராயத்துக்கு நல்ல விலை. வேலை நிற்பதற்கு முன்பே மில்லில் அள்ளிவந்த நொய்யை எடுத்து, வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு, ஒரு பெரிய மண்பானையில் ஊறல் போட்டு, வாய்க்கால் கரை மூங்கில் கொல்லையில் கழுத்துவரை புதைத்து, மேலே வயல் சேற்றைப் பூசி மூடினேன். அவித்த நெல்லின் நொய்யில் யாரும் ஊறல் போட மாட்டார்கள், அது சரியாகப் பொங்காது. அரிசி விஷயம் எனக்குத் தெரியாதா என்ற திமிரில் போட்டேன். பொங்கவில்லை. நாறியது. தெருமுனை வரைக்கும் நாறியது. ஜப்பான்காரன் ஏன் அறைக்குள் காலைக் கழுவிக்கொண்டு போகிறான் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை.

கொடிக்காரர்களைத் தேடி வந்த போலீஸ், கொடியைக் கண்டுபிடிக்கவில்லை. என் பானையைக் கண்டுபிடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கிவந்து நம் வாசலில், உன் அம்மாவின் முன்னால் வைத்தார்கள்.

"யாருதுடா இது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வாழ்க்கை முழுக்கப் பேசின வாய், அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைப் பேசவில்லை. பக்கத்தில் நின்ற உன் அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். "என்னுதுங்க" என்றார். ஒரு பொட்டுச் சாராயம் நாக்கில் படாதவர். ஏட்டு நம்பவில்லை. உன் அம்மாவிடம் திரும்பி, "ஏம்மா, நிஜமா?" என்று கேட்டார். உன் அம்மாவுக்குத் தெரியும் யாருடைய பானை என்று. நொய் மூட்டையை ஒளித்துவைத்ததே அவர் அடுப்படியில்தான். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, எங்க வூட்டுக்காரருதுதான்" என்றார். மூன்று மாதம். நீ பிறந்தபோது உன் அப்பா உள்ளே இருந்தார். வெளியே இருந்த நான் அந்தச் சைக்கிளைப் பற்றி அப்புறம் யோசிக்கவே இல்லை.

நான்கு வருஷம் கழித்து அறுவடையில் பாம்பு கடித்து அண்ணன் போய்விட்டார். அதற்கு மறு மாதம் நம் கடைத்தெருவில் ஒரு சாயங்காலக் கூட்டம். நான் மைக் கட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைப் பக்கம் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் உன் கன்னத்தைத் தட்டி, "சாராயக்காரன் மவளா நீ?" என்றான். கேலியாகத்தான் சொன்னான். நீ அவனைப் பார்த்துச் சிரித்தாய். என் கையில் மைக் இருந்தது. பட்டனைப் போட்டேன். "சோதனை, சோதனை" என்று சொல்ல வேண்டிய இடத்தில், "அரைப்படி நெல்லுக்காகக் கையில் கொடியோடு சிறை சென்ற என் அருமை அண்ணன்" என்று ஆரம்பித்துவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. அப்புறம் மேடையேறின பேச்சாளர் அதைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார், கைதட்டல் விழுந்தது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நான் மெருகேற்றினேன். வேனில் ஏறும்போது கோஷம் போட்டார் என்று சேர்த்தேன். லத்தியைப் பிடுங்கினார் என்றுகூட ஒரு வருஷம் சொன்னேன். உன் அம்மா ஒரு நாளும் மறுக்கவில்லை. பிள்ளை தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போகிறாளே என்று இருந்துவிட்டார். அந்தக் கதையை வைத்தே நீ ஒருநாள் அவரைப் பயந்தவள் என்று சொல்வாய் என்று, எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்கிற எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

உன் அம்மா வேண்டாம் என்றது மரத்தொட்டியைப் பார்த்து இல்லை, கயலு. அந்தப் படத்தில் அவருக்கு வாசலில் வைத்த பானைதான் தெரிந்திருக்கிறது. இன்னொரு தரம் தன் வீட்டு ஆள், இன்னொருவர் ஊறலுக்குப் பேர் கொடுப்பதா என்று நினைத்திருக்கிறார். பயந்தவர் இல்லை. போலீஸ் முன்னால் நின்று, தெரிந்தே ஒரு பழியைத் தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டவர்.

இதுவரை படித்துக் காட்டினேன். உன் அம்மா, "அந்த ஊரு ரூமுக்குள்ள செருப்போட போவக் கூடாதாமே, அவகிட்ட சொல்லு. அவ மறந்துடுவா" என்றார்.

"அப்ப போகட்டுங்களா அண்ணி?"

"நல்லா ஊறுற எடத்துக்குத்தானே போறா. போயிட்டு வரட்டும். அடுத்த பொங்கலுக்கு அந்தக் கத்திரிக்கா ஊறுகாயில ஒரு டப்பா கொண்டாரச் சொல்லு, எப்புடி இருக்குன்னு பாப்போம்."

பிறகு உறை ஒட்டுகிற பசையை எடுத்து என் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டுக் கையை எடுக்கவில்லை. "கொடி?" என்றார்.

ஆமாம், மகளே. அதையும் எழுதிவிட்டு ஒட்டுகிறேன். மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வேன், இது ஒன்று மட்டும் அடியோடு நான் கட்டியது. உன் அப்பாவின் கையில் கொடி இல்லை. வேன் புறப்படுகிற நேரத்தில், ஏழு மாத வயிற்றோடு உன் அம்மா ஓடிப்போய் உள்ளே நீட்டின பழைய சோற்றுத் தூக்குதான் இருந்தது.

உன் சித்தப்பா